பக்கவாதம் வந்தவருக்கு ‘கவுன்ட்’ ஏறுவது ஏன்? மூளைக்குள் வெள்ளையணுக்கள் செய்யும் நல்லதும் கெட்டதும்

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரின் ரத்தப் பரிசோதனை முடிவு, இப்போதெல்லாம் சில மணி நேரத்திலேயே குடும்பத்தினரின் செல்போனுக்கு வந்துவிடுகிறது. அதில் வெள்ளையணு எண்ணிக்கைக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி இருந்தால், ஐ.சி.யூ. வாசலில் நிற்பவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான்: “கவுன்ட் 14 ஆயிரம்னு காட்டுதே, உடம்புல இன்ஃபெக்‌ஷன் ஏதாச்சும் இருக்கா டாக்டர்?”

காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. காலை வரை நன்றாக இருந்தவர். அப்புறம் எப்படி வெள்ளையணு ஏறியது?

கிருமி எதுவும் இல்லாமலேயே ஏறும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்ட சில மணி நேரத்தில், உடலின் பாதுகாப்புப் படை முழுவதும் உஷாராகிவிடுகிறது. அந்தப் படை மூளைக்குள் போய் சேதத்தைக் கூட்டவும் செய்கிறது, பிறகு அதே இடத்தைச் சுத்தம் செய்து பழுதுபார்க்கவும் செய்கிறது. இன்னொரு பக்கம், அதே நாள்களில் உடலின் மற்ற இடங்களில் காவல் தளர்ந்து, நிமோனியா போன்ற தொற்றுக்குக் கதவு திறந்துவிடுகிறது.

இது எப்படி நடக்கிறது? இதைத் தடுக்க மருந்து இருக்கிறதா? நோயாளியின் வீட்டார் எதைக் கவனிக்க வேண்டும்? பார்க்கலாம்.

முதலில், பக்கவாதம் என்றால் என்ன?

“கை கால் இழுத்துக்கிச்சு”, “வாய் கோணிப் போச்சு” என்று ஊர்ப்பக்கம் சொல்வது பெரும்பாலும் பக்கவாதத்தைத்தான். இதில் இரண்டு வகை உண்டு. மூளையின் ரத்தக்குழாய் அடைபட்டு ரத்த ஓட்டம் நிற்பது ஒன்று. ரத்தக்குழாய் வெடித்துக் கசிவது இன்னொன்று. அதிகம் பேருக்கு வருவது முதல் வகை. இந்தக் கட்டுரை பேசுவதும் அதைப் பற்றித்தான்.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-ல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. அடைப்பின் நடுப்பகுதியில் உள்ள அணுக்கள் சீக்கிரமே இறந்துவிடும். அதைச் சுற்றியுள்ள பகுதி மட்டும் அரை உயிரோடு, பக்கத்துக் குழாய்களிலிருந்து வரும் கொஞ்ச ரத்தத்தை வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும்.

மருத்துவர்கள் காப்பாற்றப் போராடுவது இந்த அரை உயிர்ப் பகுதியைத்தான். வெள்ளையணுக்கள் வந்து இறங்குவதும் இதே இடத்தில்தான்.

வெள்ளையணுக்கள்: யார் யாருக்கு என்ன வேலை?

ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி அல்ல. பக்கவாதத்தில் முக்கியமானவை மூன்று:

• நியூட்ரோஃபில்: எண்ணிக்கையில் பாதிக்கும் மேல் இதுதான். எங்கே ஆபத்து என்றாலும் முதலில் ஓடிவரும். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைத் தயாரிக்கிறது. ஆயுள் குறைவு, ஆயுதம் அதிகம்.

• மோனோசைட்: எண்ணிக்கையில் குறைவு. ரத்தத்திலிருந்து திசுவுக்குள் போனதும் ‘மேக்ரோஃபேஜ்’ ஆக மாறி, கிருமிகளையும் செத்த அணுக்களையும் விழுங்கும்.

• லிம்போசைட்: எதிரியை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ளும் அணுக்கள். டி செல், பி செல் எல்லாம் இந்த வகை. மற்ற அணுக்களுக்குக் கட்டளை தருவதும் அடக்கி வைப்பதும் இவற்றின் வேலை.

மூளைக்கு என்று தனியாக ‘மைக்ரோக்ளியா’ என்ற காவல் அணுக்களும் உண்டு. இவை ரத்தத்தில் சுற்றுவதில்லை. மூளையிலேயே குடியிருப்பவை.

அடைப்பு வந்ததும் என்ன நடக்கிறது?

சாதாரண நாள்களில் ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்கள் மூளைத் திசுவுக்குள் எளிதில் நுழைய முடியாது. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் அணுக்கள் நெருக்கமாகப் பின்னிக்கொண்டு ஒரு தடுப்புச்சுவராக நிற்கின்றன. பக்கவாதம் இந்தச் சுவரைத் தளர்த்திவிடுகிறது.

பொதுவாக நடக்கும் வரிசை இப்படி:

• முதல் சில நிமிடங்கள்: இறக்கும் நரம்பணுக்களிலிருந்து ரசாயனங்கள் கசிகின்றன. மைக்ரோக்ளியா விழித்துக்கொள்கிறது.

• முதல் சில மணி நேரம்: ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒட்டும் தன்மையுள்ள புரதங்கள் முளைக்கின்றன. ஓடும் ரத்தத்தில் வரும் நியூட்ரோஃபில்கள் அதில் உரசி, உருண்டு, ஒட்டிக்கொள்கின்றன.

• 1 முதல் 3 நாள்: பாதிக்கப்பட்ட பகுதியில் நியூட்ரோஃபில்களின் கூட்டம் உச்சத்தை அடைகிறது.

• 3 முதல் 7 நாள்: மோனோசைட்கள் வந்து மேக்ரோஃபேஜ்களாக மாறுகின்றன. குப்பை அள்ளும் வேலை தொடங்குகிறது.

• அதற்குப் பிறகு வாரக்கணக்கில்: லிம்போசைட்கள் உள்பட பல அணுக்கள் சேர்ந்து, அழற்சியை அடக்கிப் பழுதுபார்க்கும் கட்டம்.

நியூட்ரோஃபில்கள் மூளைத் திசுவுக்குள் எவ்வளவு ஆழம் போகின்றன என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் இருக்கிறது. பெரும்பகுதி ரத்தக்குழாயை ஒட்டியும் மூளையுறைகளிலும்தான் நின்றுவிடுகிறது என்பது ஒரு தரப்பின் வாதம். உள்ளே போனாலும் சரி, வாசலில் நின்றாலும் சரி, சுற்றியுள்ள திசுவைப் பாதிக்க இவற்றால் முடியும்.

இந்தப் படை எங்கிருந்து வருகிறது என்பதிலும் ஓர் ஆச்சரியம் உண்டு. கை கால் எலும்புகளின் மஜ்ஜையிலிருந்துதான் வரும் என்று நினைத்திருந்தார்கள். 2018-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் எலிகளில் நடந்த ஆய்வில், மண்டை ஓட்டின் மஜ்ஜையிலிருந்து மூளையுறைக்கு நேராகப் போகும் மிக நுண்ணிய குழாய்கள் தெரியவந்தன. பக்கவாதத்துக்குப் பிறகு மூளைக்கு வந்த நியூட்ரோஃபில்களில், கால் எலும்பிலிருந்து வந்ததைவிட மண்டை ஓட்டிலிருந்து வந்தவை அதிகமாக இருந்தன. பக்கத்து வீட்டிலிருந்தே ஆள் வந்த மாதிரி.

கிருமி இல்லாமலேயே கவுன்ட் ஏறுவது எப்படி?

ரத்தத்தில் ஓடும் நியூட்ரோஃபில்கள் மட்டுமே நம்மிடம் உள்ள மொத்தம் கிடையாது. ஒரு பகுதி ரத்தக்குழாய்ச் சுவரை ஒட்டி ஓய்வில் இருக்கும். இன்னொரு பெரிய கையிருப்பு எலும்பு மஜ்ஜையில் காத்திருக்கும்.

பக்கவாதம் உடலுக்கு ஒரு பெரிய அதிர்ச்சி. அட்ரினலினும் கார்ட்டிசோலும் எகிறுகின்றன. அட்ரினலின், சுவரோரம் இருந்த நியூட்ரோஃபில்களைக் கிளப்பி ஓட்டத்தில் சேர்க்கிறது. கார்ட்டிசோல், மஜ்ஜையிலிருந்து புதிய அணுக்களை வெளியே அனுப்புகிறது. அதே கார்ட்டிசோல் லிம்போசைட்களை ரத்தத்திலிருந்து குறைக்கிறது. அதனால்தான் ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் நியூட்ரோஃபில் சதவீதம் ஏறியும், இன்னொரு பக்கம் லிம்போசைட் சதவீதம் இறங்கியும் இருக்கும்.

இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தை ஆய்வாளர்கள் உற்றுக் கவனிக்கிறார்கள். நியூட்ரோஃபில் 60, லிம்போசைட் 30 சதவீதம் என்றால் விகிதம் 2. அதுவே 80-க்கு 10 என்றால் விகிதம் 8. இந்த விகிதம் அதிகமாக இருப்பவர்களுக்குப் பாதிப்பு கடுமையாக இருப்பதும், குணமாவது தாமதமாவதும் பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

ஆனால் இதை வைத்து வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டு முடிவுக்கு வர முடியாது. தொற்று, மன அழுத்தம், ஸ்டீராய்டு மருந்து, புகைப்பழக்கம் என இந்த எண்ணை மாற்றும் காரணங்கள் நிறைய. பக்கவாதமா இல்லையா என்பதை ஸ்கேன்தான் சொல்லும், வெள்ளையணு எண்ணிக்கை சொல்லாது.

காப்பாற்ற வந்த படை கெடுப்பது எப்படி?

நியூட்ரோஃபில்லின் ஆயுதங்கள் எல்லாம் கிருமியைக் கொல்லத் தயாரானவை. பக்கவாதம் வந்த மூளையில் கொல்வதற்குக் கிருமி இல்லை. ஆயுதம் மட்டும் வெடிக்கிறது. அடி விழுவது சொந்தத் திசுவுக்கு.

ஒன்று, ரசாயனத் தாக்குதல். நியூட்ரோஃபில்கள் வீரியமான ஆக்சிஜன் சேர்மங்களை உமிழ்கின்றன. அரை உயிரோடு இருக்கும் நரம்பணுக்களை இது மேலும் தளர்த்துகிறது.

இரண்டு, சுவர் உடைப்பு. ‘எம்.எம்.பி.-9’ என்ற நொதியை நியூட்ரோஃபில்கள் ஏற்கெனவே தயாரித்து, பையில் போட்டு வைத்திருக்கும். ரத்தக்குழாய்ச் சுவரைத் தாங்கும் புரதங்களை இது அரித்துவிடும். சுவர் பலவீனமானால் மூளையில் நீர் கோத்து வீக்கம் வரும். சிலருக்கு அடைபட்ட இடத்திலேயே ரத்தக்கசிவும் ஏற்படும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும்போது மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது இந்தக் கசிவைத்தான்.

மூன்று, வலை வீச்சு. 2004-ல் ஜெர்மனி விஞ்ஞானிகள் ஒரு விசித்திரமான விஷயத்தைக் கண்டறிந்தனர். நியூட்ரோஃபில் தன் உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வையே வலை மாதிரி வெளியே வீசிக் கிருமிகளைப் பிடிக்கிறது. ரத்தக்குழாய்க்குள் இந்த வலை விழுந்தால், அதில் தட்டணுக்களும் சிவப்பணுக்களும் சிக்கி ரத்தக்கட்டி இறுகிவிடும். பக்கவாத நோயாளிகளின் மூளையிலிருந்து வெளியே எடுத்த ரத்தக்கட்டிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் இந்த வலைகள் இருப்பது உறுதியானது.

இதில் சிகிச்சைக்கான சிக்கலும் இருக்கிறது. கட்டியைக் கரைக்கும் ஊசி, ஃபைப்ரின் என்ற நாரைக் கரைக்கும். டி.என்.ஏ. வலையைக் கரைக்காது. எடுத்த கட்டிகளை ஆய்வகத்தில் வைத்து, டி.என்.ஏ.வை வெட்டும் நொதியையும் சேர்த்துக் கொடுத்தபோது அவை வேகமாகக் கரைந்தன.

நான்கு, பாதை மறிப்பு. சில நோயாளிகளுக்குப் பெரிய குழாயில் இருந்த அடைப்பை எடுத்த பிறகும், அந்தப் பகுதி மூளைக்கு ரத்தம் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. நியூட்ரோஃபில்கள் மயிரிழை போன்ற தந்துகிகளில் சிக்கிப் பாதையை மறிப்பது இதற்கு ஒரு காரணம் என்பது எலிகளில் தெரியவந்துள்ளது. மெயின் ரோட்டில் கிடந்த மரத்தை அகற்றியாச்சு, ஆனால் சந்து பொந்தெல்லாம் ஜாம் ஆகிக் கிடக்கிறது என்கிற நிலை.

நல்லது எதுவும் செய்யவில்லையா?

செய்கின்றன. செத்துப்போன மூளைத் திசுவை யாராவது அள்ளி அப்புறப்படுத்தியே ஆக வேண்டும். அது அங்கேயே கிடந்தால் அழற்சி அடங்காது. மேக்ரோஃபேஜ்களும் மைக்ரோக்ளியாவும் அந்தக் குப்பையையும், செத்த நியூட்ரோஃபில்களையும் விழுங்கித் தீர்க்கின்றன. அழற்சியை அடக்கும் ரசாயனங்களையும் புதிய ரத்தக்குழாய் வளர உதவும் பொருள்களையும் சுரக்கின்றன. லிம்போசைட்களில் ‘ஒழுங்குபடுத்தும் டி செல்’ என்ற பிரிவு, எலிகளில் நடந்த ஆய்வுகளில், மூளை பழுதுபார்க்கப்படுவதற்குத் துணை நிற்பது தெரிந்துள்ளது.

ஆக, இரண்டாம் நாள் கெடுதல் செய்கிற அதே படையின் வேறு பிரிவு, பத்தாம் நாள் தேவைப்படுகிறது. மருந்து கண்டுபிடிப்பதைக் கடினமாக்குவதும் இந்த உண்மைதான்.

மூளையில் ஆவேசம், நுரையீரலில் அசதி

பக்கவாதத்துக்குப் பிறகு மருத்துவமனையில் இருக்கும் நாள்களில், பல நோயாளிகளின் உயிருக்கு ஆபத்தாக வருவது தொற்று. 2011-ல் 87 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வின்படி, பக்கவாதம் வந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தொற்று வந்தது. சுமார் 10 சதவீதம் பேருக்கு நிமோனியா. இறப்போடு நேரடித் தொடர்பு காட்டியது இந்த நிமோனியாதான்.

வெள்ளையணு எண்ணிக்கைதான் ஏறியிருக்கிறதே, அப்புறம் எப்படித் தொற்று வருகிறது?

எண்ணிக்கை வேறு, செயல்திறன் வேறு. ஆள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் வேலை சரியாக நடக்கவில்லை. பக்கவாத நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து ஜெர்மனியில் சோதித்து 2014-ல் வெளியான ஆய்வில், நியூட்ரோஃபில்களும் மோனோசைட்களும் கிருமியை விழுங்குவதில் பெரிய குறை இல்லை. விழுங்கிய கிருமியைக் கொல்லும் ஆக்சிஜன் வீச்சு மட்டும் குறைந்திருந்தது. வலை வீசும் திறனும் குறைந்திருந்தது.

இத்துடன் லிம்போசைட்களின் எண்ணிக்கையும் இறங்குகிறது. கிருமியின் துண்டை லிம்போசைட்டுக்கு எடுத்துக் காட்டி ‘இவன்தான் எதிரி’ என்று சொல்ல மோனோசைட்டின் மேல் ஒரு புரதம் இருக்கும். அதுவும் குறைந்துவிடுகிறது. அதனால் எதிரி வந்தாலும் தகவல் போய்ச் சேர்வது தாமதமாகிறது.

இதற்கெல்லாம் உத்தரவு மூளையிலிருந்தே வருகிறது. பாதிக்கப்பட்ட மூளை, பரிவு நரம்புகள் வழியாகவும் கார்ட்டிசோல் வழியாகவும் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு ‘அடங்கு’ என்று சமிக்ஞை அனுப்புகிறது. 2003-ல் பெர்லினில் எலிகளில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பக்கவாதம் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு நிமோனியாவும் ரத்தத்தில் கிருமித் தொற்றும் வந்தன. ப்ரோப்ரனலால் மருந்து கொடுத்து அந்த நரம்புச் சமிக்ஞையைத் தடுத்தபோது தொற்று தடுக்கப்பட்டது. மனிதர்களுக்கு இதே வழி பலன் தரும் என்பது இன்னும் உறுதியாகவில்லை.

உடல் ஏன் இப்படித் தன் காவலைத் தானே தளர்த்துகிறது? தடுப்புச்சுவர் உடைந்ததால் மூளையின் புரதங்கள் முதல்முறையாக நோய் எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் படுகின்றன. அவற்றை எதிரி என்று நினைத்து மூளையையே தாக்கிவிடாமல் இருக்க உடல் செய்யும் தற்காப்பு இது என்பது ஒரு கருத்து. அதற்குக் கொடுக்கும் விலைதான் தொற்று.

சரி, மருந்து கொடுத்து இந்தப் படையை நிறுத்திடலாமே?

முயற்சி செய்தார்கள். எலிகளில் நன்றாக வேலை செய்தது. மனிதர்களிடம் வந்ததும் கதை மாறியது.

• என்லிமோமாப்: நியூட்ரோஃபில்கள் ரத்தக்குழாயில் ஒட்டுவதைத் தடுக்கும் மருந்து. 625 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2001-ல் வெளியானது. மருந்து கொடுக்கப்பட்டவர்களில் 22.2 சதவீதம் பேர் இறந்தனர். போலி மருந்து பெற்றவர்களில் இது 16.2 சதவீதம். அந்த மருந்து எலியின் புரதத்திலிருந்து தயாரானது. அதுவே மனித உடலில் காய்ச்சலையும் நியூட்ரோஃபில்களின் ஆவேசத்தையும் தூண்டியிருக்கலாம் என்று பின்னர் தெரியவந்தது.

• நியூட்ரோஃபில் தடுப்புப் புரதம்: 966 பேரிடம் நடந்த சோதனை, 2003-ல் முடிவு வெளியானது. கெடுதல் இல்லை, பலனும் இல்லை.

• நாடாலிசுமாப்: மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோய்க்குப் பயன்படும் மருந்து. வெள்ளையணுக்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும். 161 பேரிடம் நடந்த சோதனை 2017-ல் வெளியானது. மூளைச் சேதத்தின் அளவு குறையவில்லை. அடுத்து நடந்த சோதனையிலும் பலன் கிடைக்கவில்லை.

• கோல்சிசின்: கீல்வாதத்துக்குக் கொடுக்கப்படும் பழைய, மலிவான மாத்திரை. அழற்சியைக் குறைத்து மறுபடி பக்கவாதம் வராமல் தடுக்குமா என்று சீனாவில் 8,343 பேரிடம் பார்த்தார்கள். 2024-ல் வெளியான முடிவின்படி, 90 நாளில் மறுபடி பக்கவாதம் வருவது குறையவில்லை.

ஏன் தோற்றன? ஆய்வக எலிகள் இளமையானவை, பி.பி., சர்க்கரை எதுவும் இல்லாதவை, அடைப்பு வந்த நேரமும் துல்லியமாகத் தெரியும். மனிதர்கள் அப்படி வருவதில்லை. அதோடு, எல்லா வெள்ளையணுவையும் ஒட்டுமொத்தமாக மறித்தால் குப்பை அள்ளும் ஆளும் வரமாட்டான், தொற்றைத் தடுக்கும் ஆளும் வரமாட்டான்.

“அப்போ முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டுடலாமே?”

பல குடும்பங்கள் கேட்கும் கேள்வி. இதற்கும் பதில் இருக்கிறது.

நெதர்லாந்தில் 2,550 பக்கவாத நோயாளிகளிடம், தொற்று வரும் முன்பே செஃப்ட்ரையாக்சோன் கொடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான முடிவு: சிறுநீர்த் தொற்று குறைந்தது. ஆனால் நோயாளிகள் மூன்று மாதத்தில் எழுந்து நடமாடுவதில் எந்த வித்தியாசமும் இல்லை. அதே ஆண்டு பிரிட்டனில், விழுங்கச் சிரமப்படும் சுமார் 1,200 நோயாளிகளிடம் நடந்த ஆய்விலும் நிமோனியா குறையவில்லை.

ஆகவே தொற்று உறுதியானால், அல்லது வலுவான சந்தேகம் இருந்தால் ஆன்டிபயாடிக். வெறும் கவுன்ட் ஏறியதற்காக மட்டும் வழக்கமாகக் கொடுப்பதில்லை. அழற்சிதானே என்று ஸ்டீராய்டு கொடுப்பதும் இந்த வகைப் பக்கவாதத்தில் பரிந்துரைக்கப்படுவதில்லை.

உண்மையில் பலன் தந்தது எது?

பெரிய விலையில்லாத ஒரு விஷயம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் ஒரு பிரிவு மருத்துவமனைகளில், செவிலியர்கள் முதல் மூன்று நாள் மூன்று விஷயங்களை விடாமல் கவனித்தார்கள்: காய்ச்சல், ரத்தச் சர்க்கரை, விழுங்கும் திறன். புது மருந்து எதுவும் கிடையாது.

2011-ல் வெளியான முடிவில், 90 நாள் கழித்து இறந்தவர்கள் அல்லது பிறர் உதவியில் வாழ்பவர்கள் அந்தப் பிரிவில் 42 சதவீதம். வழக்கமான கவனிப்பு கிடைத்த பிரிவில் 58 சதவீதம். வெள்ளையணுவைக் குறிவைத்த ஊசிகளால் முடியாததை, தெர்மாமீட்டரும் சர்க்கரைப் பரிசோதனையும் ஒரு வாய்த் தண்ணீர் சோதனையும் செய்தன.

விழுங்கும் திறன் ஏன் இவ்வளவு முக்கியம்? பக்கவாதம் வந்தவருக்குத் தொண்டைத் தசை தளர்ந்திருக்கும். குடிக்கக் கொடுப்பது இரைப்பைக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். இருமல்கூட வராமல் சத்தமில்லாமல் நடக்கும். அதோடு வாயில் உள்ள கிருமிகளும் நுரையீரலுக்குப் போகும். சாதாரண நாளில் அங்குள்ள வெள்ளையணுக்கள் அவற்றைச் சமாளித்துவிடும். காவல் தளர்ந்திருக்கும் இந்த நாள்களில் அது நிமோனியாவாக மாறும்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியது என்ன?

• முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் தளர்வது, பேச்சு குழறுவது, திடீரென்று பார்வை போவது அல்லது நிலைதடுமாறுவது. இதில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். “கொஞ்சம் படுத்தா சரியாயிடும்” என்று காத்திருக்க வேண்டாம்.

• நோயாளி கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைப்பைக் கம்பி விட்டு எடுக்கும் சிகிச்சை, தகுதியான சிலருக்கு 24 மணி நேரம் வரை செய்யப்படுகிறது. எதுவானாலும் சீக்கிரம் போனால்தான் முழுப் பலன்.

• “மயக்கமா இருக்கார், கொஞ்சம் தண்ணி குடுங்க, சோடா குடுங்க” என்று யார் சொன்னாலும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காபி, இளநீர், மாத்திரை எதுவும் கூடாது. மருத்துவமனையிலும் விழுங்கும் சோதனை முடிந்து, செவிலியரோ மருத்துவரோ சொன்ன பிறகுதான் உணவு.

• வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் ஆபத்து.

• விரல் நுனியை ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவலுக்கு எந்த ஆதாரமும் இல்லை. போவது நேரம் மட்டும்தான்.

• உணவு கொடுக்க அனுமதி கிடைத்ததும், நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாப்பிட்ட உடனே படுக்க வைக்காதீர்கள். இருமல், குரல் கரகரப்பு தெரிந்தால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

• வாயைத் தினமும் சுத்தமாக வைத்திருங்கள். வாயில் கிருமி குறைந்தால் நுரையீரலுக்குப் போவதும் குறையும்.

• காய்ச்சல், புதிய சளி, மூச்சு வாங்குவது, திடீர்க் குழப்பம் இருந்தால் அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் உடனே தெரியப்படுத்துங்கள்.

ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது?

வெள்ளையணு எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்றால் அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். மூளை அடைப்பின் அதிர்ச்சிக்கு உடல் கொடுத்த பதிலாக இருக்கலாம். அல்லது ஒரு தொற்றின் தொடக்கமாக இருக்கலாம். காய்ச்சல், மூச்சின் வேகம், எக்ஸ்ரே, சிறுநீர்ப் பரிசோதனை, அடுத்தடுத்த நாள்களில் எண்ணிக்கை இறங்குகிறதா ஏறுகிறதா என்பது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். ஒரே ஒரு நாள் எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், அலட்சியப்படுத்தவும் வேண்டாம்.

வெள்ளையணுக்களை முழுவதும் முடக்காமல், கெடுதல் செய்யும் வேலையை மட்டும் சரியான நாளில் நிறுத்தும் மருந்தைத் தேடும் ஆய்வுகள் தொடர்கின்றன. டி.என்.ஏ. வலையைக் கரைப்பது, அடைப்பை எடுத்த கையோடு அழற்சியைத் தணிப்பது போன்ற யோசனைகள் வரிசையில் இருக்கின்றன.

அதுவரை கையில் இருக்கும் வழி எளிமையானது. அடைப்பு எவ்வளவு சீக்கிரம் திறக்கிறதோ, அவ்வளவுக்குச் சேதம் குறையும். சேதம் குறைந்தால் படை திரள்வதும் குறையும், காவல் தளர்வதும் குறையும். ஐ.சி.யூ. வாசலில் “கவுன்ட் ஏன் ஏறுச்சு?” என்று கேட்கும் குடும்பம், அதோடு சேர்த்து இன்னும் இரண்டு கேள்வியைக் கேட்கலாம்: “விழுங்குற டெஸ்ட் பண்ணியாச்சா? காய்ச்சலும் சர்க்கரையும் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாக்குறீங்க?”